ரயிலா பிறையா

கோவில்பட்டி
பிப்ரவரி 10, திங்கட்கிழமை

அன்பு மகள் தஸ்னீமுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே அமெரிக்காவில் நீயும் மாப்பிள்ளை ஹாரூனும் பேத்தி இக்ராவும் சுகம் என்று நேற்றுப் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம், இருந்தாலும் போனில் பார்த்தது வேறு எழுத்தில் கேட்பது வேறு, அதனால் இன்னொரு முறை கேட்டுக்கொள்கிறேன். இக்ராவின் இருமல் நின்றதா என்பதற்கு மட்டும் உன் முகம் சரியாகப் பதில் சொல்லவில்லை.

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகிற கல்லூரி இருக்கிறதே, அங்கே நடத்தும் சைட்டோடெக்னாலஜி, அதாவது உடம்புச் செல்லைப் பார்த்து நோய் சொல்கிற படிப்பு, அந்த இரண்டு வருட அசோசியேட் டிகிரிக்கு இன்றுவரை அங்கீகாரம் கிடையாது. இதைச் சொல்வது அங்கீகாரம் கொடுக்கிற அமைப்பே. நான் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு அவர்கள் எழுத்தில் பதில் தந்திருக்கிறார்கள், எனக்கு அது வந்தது இந்த மாதம் முதல் தேதி, சனிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு. அந்தக் கல்லூரியின் விண்ணப்பம் வந்திருக்கிறது, பரிசீலனை முடியவில்லை, முடிவதற்கு முன்னால் சேருகிறவர்கள் சான்றுத் தேர்வு எழுத முடியுமா என்பதை இப்போது சொல்ல இயலாது என்று நாலே வரி. இரண்டாவது கல்லூரி, அதாவது கார் ஓட்டிப் போனால் நாலு மணி நேரம் என்று நீ சொன்னது, அது அவர்கள் அனுப்பிய பட்டியலில் இருக்கிறது. இரண்டு பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் படிப்பும் நீ இங்கே முடித்த பி.எஸ்ஸி.யும் சேர்ந்தால் நீ தேர்வு எழுதலாம் என்றும் பதிலில் இருக்கிறது.

முதல் தேதி வந்த செய்தியைப் பத்தாம் தேதி எழுதுகிறாரே வாப்பா என்று நீ கேட்பாய். கேட்க வேண்டியதுதான். அதற்கு வருகிறேன், கொஞ்சம் வரிசையாகச் சொல்ல விடு.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வேலை. பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து உன் மதிப்பெண் பட்டியலை முத்திரை வைத்த கவரில் இரண்டு கல்லூரிக்கும் அனுப்பச் செய்ய வேண்டும். அதற்கு ஜனவரி இருபதாம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் மாப்பிள்ளை அனுப்பிய இரண்டு கல்லூரிப் புத்தகங்களையும் படித்துக்கொண்டு வந்தபோது பக்கத்துக் கல்லூரிப் புத்தகத்தில் அங்கீகாரம் என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் வாக்கியம் வழுக்கிக்கொண்டு போனது. நீ கேட்டதற்கு அங்கே இருந்த ஆலோசகர் அம்மாள் 'கிடைத்த மாதிரிதான்' என்று சொன்னதாகச் சொன்னாய். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவனுக்கு அந்த 'மாதிரி' என்ற சொல் பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கும். எனக்கு ஏன் அப்படி என்று உனக்குத் தெரியும், இக்ரா பெரியவளாகி இந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால் அவளுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன். நீ அப்போது நாலாம் வகுப்பு. சென்னை போகிற ஒரு எக்ஸ்பிரஸ் ஒன்றாம் தேதி முதல் நம் ஊரில் நிற்கும் என்று நான் செய்தி கொடுத்தேன். உத்தரவைப் பார்க்கவில்லை, உத்தரவு போட்ட மாதிரிதான் என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். ஒன்றாம் தேதி ராத்திரி பெட்டி படுக்கையோடு ஐம்பது அறுபது பேர் பிளாட்பாரத்தில் நின்றார்கள். ரயில் வந்தது, விளக்கெல்லாம் எரிந்தபடி அதே வேகத்தில் சாத்தூர்ப் பக்கமாகப் போய்விட்டது. மறுநாள் இரண்டு வரி வருத்தம் வெளியிட்டோம். அதோடு பத்திரிகையில் முடிந்துவிட்டது, நம் வீட்டில் முடியவில்லை. அன்றிலிருந்து நான் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் உம்மா கேட்பது ஒன்றுதான், "ரயிலா பிறையா?" நோன்புப் பிறையை ஜமாத் அறிவிக்கிறவரை எத்தனை பேர் பார்த்தோம் என்று சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள், அறிவித்துவிட்டால் மேகமாக இருந்தாலும் நம்புவாள். அதனால் உறுதியானது பிறை, உறுதியில்லாதது ரயில். கரண்ட் வந்துவிடும் என்றாலும் கேட்பாள், உனக்கு மாப்பிள்ளை அமைந்தபோதும் கேட்டாள்.

அந்தப் பழக்கத்தில்தான் அந்த அமைப்புக்கு நானே எழுதினேன். எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் இன்னொரு வேலையும் செய்தேன். உம்மா கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்தார்களே, ரிப்போர்ட்டுக்குப் பத்தொன்பது நாள் காத்திருந்தோமே, நீ அங்கே வேலைக்குப் போகாமல் தினமும் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, ஊசியில் எடுத்ததைத் தடவிய அந்தக் கண்ணாடிச் சில்லை முதலில் பார்த்தவர் யார் என்று விசாரித்தேன். திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் சுதாராணி என்ற அம்மாள். ஜனவரி இருபத்தெட்டு, செவ்வாய்க்கிழமை, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. காலையில் தட்டில் கண்ணாடி அடுக்கி வந்துவிடும், ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் வைத்து ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, உழவு ஓட்டுகிற மாதிரி வரிசை விடாமல் பார்க்கிறார், சந்தேகமான செல் தெரிந்தால் அந்த இடத்தில் மையால் ஒரு புள்ளி வைக்கிறார், அப்புறம் டாக்டர் அந்தப் புள்ளியைப் பார்த்து முடிவு எழுதுகிறார். "அண்ணாச்சி, ஆயிரம் நல்லதப் பாத்துப் பழகுன கண்ணுக்குத்தான் ஒரு கெட்டது தெரியும். கெட்டதையே தேடிக்கிட்டு இருந்தா எல்லாமே கெட்டதாத்தான் தெரியும்" என்றார். உங்கள் பெயர் ரிப்போர்ட்டில் வருமா என்று கேட்டேன். "எதுக்கு வருது? கையெழுத்து டாக்டருக்குத்தான். நான் வச்ச புள்ளியத் தொடச்சிட்டாக் கூட யாருக்கும் தெரியாது" என்று சிரித்தார். நமது நிருபர் என்று போட்டே முப்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான், எனக்கு அந்தச் சிரிப்பு புரிந்தது. உம்மாவின் கண்ணாடி அவருக்கு ஞாபகம் இல்லை. எப்படி இருக்கும், அதில்தான் புள்ளி வைக்க ஒன்றும் இல்லையே. மகள் இந்தப் படிப்பு படிக்கப் போகிறாள் என்றேன், இந்த வேலைக்கு மிஷின் வந்துவிடும் என்கிறார்களே என்றும் கேட்டேன். மிஷின் வந்தாலும் சந்தேகம் வந்தால் ஆள்தான் பார்க்க வேண்டும் என்றார், இது அவர் கருத்து, நீ அங்கேயும் விசாரித்துக்கொள். அவர் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: நாற்காலி உயரத்தைச் சரி பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் முப்பது வயதில் கழுத்து போய்விடும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும், சண்டை போட்டுவிட்டு வந்த அன்றைக்கு முதல் அரை மணி நேரம் கண்ணாடியைத் தொடக்கூடாது. கடைசிப் புத்திமதியை மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

ஊருக்குள் உன் படிப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உம்மா யாரிடமோ என் மகள் செல்லைப் பார்க்கிற படிப்பு படிக்கப் போகிறாள் என்று சொல்லியிருக்கிறாள். போன வாரம் கடலை மிட்டாய்க் கடை செண்பகவல்லி என்னை நிறுத்தி, "என்ன அண்ணாச்சி, எங்க சுடலைராஜு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மூணே மாசத்துல செல்லு ரிப்பேரு படிச்சிட்டு கடையே போட்டுட்டான். ஒரு டிஸ்பிளே மாத்த அமெரிக்காவுல ரெண்டு வருசமாவா சொல்லித் தாராங்க?" என்று கேட்டது. அது போன் செல் இல்லை தாயி, உடம்பில் இருக்கிற செல் என்று விளக்கினேன். "அதையும் கழட்டி மாட்டிருவாளோ?" என்றது. மாட்ட மாட்டாள், பார்த்துச் சொல்வாள் என்றேன். அப்படியென்றால் நல்ல படிப்புதான் என்று ஒத்துக்கொண்டு உனக்கென்று இரண்டு பாக்கெட் மிட்டாய் கொடுத்தது. ஒன்றை நாங்கள் பிரித்துவிட்டோம்.

இனி அந்த ஒன்பது நாளைப் பற்றி. பதில் வந்த சனிக்கிழமையே அதைத் தாளில் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அன்றைக்கே உனக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வந்தாய். பக்கத்துக் கல்லூரி ஆகஸ்ட் கடைசியில்தான் தொடங்குகிறது, தூரத்துக் கல்லூரி என்றால் ஜூன் இரண்டாம் தேதியே வகுப்பில் உட்கார வேண்டும், அதனால் "பக்கத்துக் காலேஜே போதும்மா, மே இருவத்திரெண்டு அங்க வந்து எறங்கிருவேன், ஹஜ்ஜுப் பெருநாளு உங்க கூடத்தான்" என்று சொன்னாய். உம்மா போனை இக்ராவுக்கு முத்தம் கொடுக்கிற மாதிரி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்விட்டாள், உனக்கு அப்போது இருட்டுதான் தெரிந்திருக்கும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தாள் பையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, வரும்போது அங்கே குளிருக்குப் போடுகிற கோட்டைத் தூக்கிக்கொண்டு வராதே, இங்கே அக்னி வெயில் என்பதுதான். அன்றைக்கு ராத்திரி உம்மா உன் அறையில் இருந்த பழைய பத்திரிகைக் கட்டை எல்லாம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். புதன்கிழமை மின்விசிறிக்கு ஆள் வந்து போனான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டு வரும் வழியில் மூன்று வயதுப் பிள்ளைக்கு இங்கே என்ன செருப்பு சரியாக இருக்கும் என்று ஒரு கடையில் நின்று விசாரித்தேன். அளவு கேட்டார்கள். பேத்தியின் கால் அளவு எனக்குத் தெரியவில்லை. போனில் அவள் கால் வந்ததே இல்லை. முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ செய்தி தவறியிருக்கிறது, தாமதமாகியிருக்கிறது. கையில் உறுதியாக இருந்த செய்தியைத் தெரிந்தே வைத்துக்கொண்டு இருந்தது இது ஒன்றுதான். நீ பக்கத்துக் கல்லூரியை எடுத்தது படிப்பை வைத்தா எங்களை வைத்தா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. எங்களை வைத்துத்தான் என்று நினைத்தேன், நினைக்க நன்றாக இருந்தது. அந்த நன்றாக இருந்ததற்காகத்தான் ஒன்பது நாள். நீ என்னை மன்னிக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் உம்மாவிடம் சொன்னேன். விளாத்திகுளத்திலிருந்து வெயிலுமுத்து பைக்கில் புது மிளகாய் வத்தல் கொண்டுவந்து இறக்கியிருந்தார், அவர் காட்டில் முதல் எடுப்பு, ஆறு கிலோ. உன் வரவை நினைத்து உம்மா இந்த வருடம் இரண்டு கிலோ கூடுதலாகச் சொல்லியிருந்தாள். சாக்கில் பரப்பிவிட்டு வெளுத்துப்போன சண்டு வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுதாராணி அம்மாள் வேலையைப் பற்றி நான் வந்து சொன்ன அன்றைக்கே, "இம்புட்டுத்தானா, சண்டு பொறுக்குற வேலை. எம் மவ பொறுக்கிருவா" என்று சொல்லிவிட்டவள். தாளைப் பிரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன், தூரத்துக் கல்லூரி என்றால் டிசம்பரில்தான் விடுமுறை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ரயிலா பிறையா?" என்றாள். பிறை என்றேன். எப்போது தெரிந்தது என்று கேட்டாள். சனிக்கிழமை என்றேன். நேற்றா என்றாள். அதற்கு முந்தின சனிக்கிழமை என்றேன். கை நின்றது. "அப்ப போன ஞாயித்துக்கெழமை அவ பேசும்போது உங்களுக்குத் தெரியும்" என்றாள். தெரியும் என்றேன். "எம் புள்ளைய அந்த நிக்காத ரயில்ல ஏத்தி விடப் பாத்தீங்களோ?" என்று கேட்டாள். இன்னும் ஒரு கால் மணி நேரம் பொறுக்கினாள், சண்டு வத்தலை எல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கினாள், நல்லதை இரண்டு டப்பாவில் அமுக்கி, ஒன்றில் மூடியை இறுக்கிச் சுற்றித் துணி கட்டினாள். கண்ணைத் துடைத்தாள், வத்தல் நெடி என்றாள். அப்புறம், "மே மாசத்துக்கு எடுத்த வத்தலு டிசம்பர் வரைக்கும் கெட்டா போவுது? ஒடனே எழுதுங்க" என்றாள். சாயங்காலம் நீ போனில் வந்தபோது அவள் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை, நீ கவனித்திருப்பாய், இக்ராவிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தாள். எழுத்தில் போகட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். போனில் சொன்னால் நீ உம்மா முகத்தைப் பார்த்து முடிவெடுப்பாய். தாளைப் பார்த்து முடிவெடு.

என் யோசனை தூரத்துக் கல்லூரி. இது வாப்பாவின் கருத்து, செய்தியோடு கலந்துவிடாதே. ஆனாலும் சேருவதற்கு முன்னால் அவர்களிடம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேள், போனில் கேட்காதே. ஆஸ்பத்திரிப் பயிற்சி எந்த ஊரில், யாருக்குக் கீழே. போன மூன்று வருடத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், முதல் தடவையில் தேர்வில் தேறியவர்கள் எத்தனை பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் வராவிட்டால் என்ன செய்வார்கள். மூன்றாவதை வெட்கப்படாமல் கேள். மாப்பிள்ளை வேலையை அந்த ஊருக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று போனில் சொன்னார், அதையும் அவர் ஆபீசில் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல், மாமனார் சொன்னார் என்று சொல்லாமல் நீயே சொல்கிற மாதிரி சொல். வீடு மாறும்போது இக்ராவின் விளையாட்டுச் சாமானைக் கடைசியில் கட்டு, போய் இறங்கியதும் முதலில் பிரி. நோன்பு மாதம் வருகிறது, விடியலுக்கு முன்னால் ஸஹருக்கு வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகாதே. இக்ராவின் காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு, படம் எடுத்து அனுப்பினால் அளவு மாறிவிடும், தபாலில் அனுப்பு. இந்தக் கடிதத்தையும் இன்றைக்கே படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன், மூலம் பின்னால் தபாலில் வரும், அந்த அமைப்பின் பதிலையும் அதோடு வைக்கிறேன்.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் நீண்ட ஹயாத்தையும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் தருவானாக, உன் கண்ணுக்கு நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டுகிற தெளிவைத் தருவானாக என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

இனி முடியாமல் இருப்பவை. உன் மதிப்பெண் பட்டியல் கவர் இந்த மாதம் இருபதாம் தேதி வியாழக்கிழமை தயாராகும், சொன்னவர் பல்கலைக்கழகத்தில் அந்தப் பிரிவில் இருக்கும் கண்ணபிரான், அன்று காலை நானே போய் நின்று கூரியரில் ஏறுகிறதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன், ஆறு நாளில் சேரும் என்கிறார்கள். நீ இடத்தை உறுதி செய்யக் கடைசி நாள் இருபத்தெட்டு, நடுவில் இரண்டு நாள்தான் இருக்கிறது, கவரை எதிர்பார்த்து உன் பதிலைத் தள்ளிப்போடாதே. தூரத்துக் கல்லூரியின் நாட்காட்டியில் டிசம்பர் பதினாலு முதல் ஜனவரி எட்டு வரை விடுமுறை என்று போட்டிருக்கிறது, பக்கம் பதினொன்று. விடுமுறைக்கு ஆதாரம் இருக்கிறது. அந்த விடுமுறையில் நீ வருவாய் என்பதற்கு இன்னும் என் கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. வத்தல் டப்பாவை உம்மா மேல் அலமாரியில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். இருபத்தெட்டாம் தேதிக்குள் நீயே அவளுக்குச் சொல், ரயிலா பிறையா.

இப்படிக்கு
உன் வாப்பா
செய்யது அலி